ஆளில்லாத கரை

கடலுக்கு வாசல் உண்டு, அந்த வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்மை மேலும் கீழும் பார்ப்பார் என்பதை நான் துபாய்க்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள் நான். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். அங்கே யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு கடலில் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவள், ஒரே ஒரு அலையில் ஏறி நிற்பதற்கு இடம் தேடி மூன்று குளிர்காலம் அந்த நாட்டின் கரை முழுக்க அலைந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் முதலில் ஆத்திரம்தான் வருகிறது. சிரிப்பு அதற்குப் பிறகுதான்.

நியாயமாகச் சொன்னால், அந்த ஆத்திரம் துபாயில் தொடங்கியதில்லை. ஊரிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் பையன்கள் நடக்கப் பழகியதுமே உடைந்த கட்டுமரத்தின் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடுவார்கள். அதன்மேல் படுத்து, முட்டிபோட்டு, கடைசியில் எழுந்து நின்று அலையோடு கரைக்கு வருவார்கள். என் அண்ணன்மார் மூன்று பேரும் அப்படித்தான். நான் கேட்டால் மட்டும் வீடே ஒன்று கூடிவிடும். பெண்பிள்ளை மரத்தில் கால் வைத்தால் வலையில் மீன் விழாதாம். மீனுக்கு என் கால் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் கரையில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கடல் மோசமான நாளில், திரும்பி வரும் கட்டுமரம் நேராகக் கரைக்கு வராது. அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்து நிற்கும். மரத்தில் இருப்பவருக்கு முன்னால் கரையோரம் அலை எப்படி உடைகிறது என்று தெரியாது. அதைக் கரையில் நிற்கிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மரத்தைக் கவிழ்க்கிற பெரிய அலைகள் வரிசையாக வந்து போகும். பிறகு, மரத்தைப் பதமாகத் தூக்கி மணலில் வைக்கிற அலை ஒன்று வரும். அது வரும் நேரம் பார்த்துத் தலைக்கு மேலே துண்டை வீச வேண்டும். அந்தத் துண்டுக்கு ஒரே அர்த்தம்தான்: இப்போது வா.

பத்து வயதிலிருந்து அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் துண்டு வீசியவள் நான். என் துண்டை நம்பி வந்த மரம் ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை. அலையைப் பார்த்துச் சொல்ல நான் வேண்டும், அலையில் ஏற மட்டும் நான் கூடாது. பதினெட்டு வயதில் நர்ஸிங் படிக்கப் போகும்வரை இந்த அநியாயத்தை ஒருவர்கூட அநியாயம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் துபாயில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். கணவர் ஜெபல் அலி துறைமுகத்தில் குளிர்பதன கன்டெய்னர்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். அவரும் எங்கள் கரைதான், எங்கள் ஊரிலிருந்து மூன்றாவது ஊர். ஷார்ஜாவில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே ஃபிளாட்டைப் பங்கிட்டுக் குடியிருந்தோம். கட்டடத்துக்குக் கீழே நகராட்சியின் பெரிய குப்பைப் பெட்டி இருந்தது. நாட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் சோபா, மெத்தை, தொட்டில் என்று அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் மதியம் டூட்டி முடிந்து வந்தபோது, அங்கே சுவரில் சாய்ந்து ஒரு சர்ஃப் பலகை நின்றது. வெள்ளை நிறம், என்னைவிட இரண்டு முழம் உயரம், மூக்கில் மட்டும் சின்ன உடைப்பு. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று யோசிக்கக்கூட இல்லை. யூனிஃபார்மோடு அதைத் தூக்கி லிஃப்டில் ஏற்றிவிட்டேன்.

மாலையில் வந்த கணவர், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் நின்ற பலகையைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு?"

"ஏறி நிக்கதுக்கு."

"ஆரு?"

"நான்தான். பின்ன, பக்கத்து ரூம்காரியா?"

அவர் சிரிக்கவில்லை. பலகையைக் கவிழ்த்துப் பார்த்து, மூக்கைத் தடவி, மறுநாள் வேலை இடத்திலிருந்து ஃபைபர் ஒட்டும் பசை கொண்டு வந்து உடைப்பை அடைத்தார். ஊரில் மீன்பிடி வள்ளம் ஒட்டிய கை அது. ஒட்டி முடித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார்.

"பழகு, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஆளு இல்லாத எடமா இருக்கணும். நம்ம ஆளு ஒருத்தன் பாத்தாம்னா, நான் டூட்டிக்குப் போய்ச் சேருததுக்குள்ள ஊருல எங்கம்மைக்கு போன் போயிரும், கேட்டியா?"

கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் பிள்ளை இல்லை, இதில் பலகை வேறா என்று ஊர் கேட்கும். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவரிடம் இல்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்ததால், சரி, ஆளில்லாத இடமாகவே தேடுவோம் என்று ஒத்துக்கொண்டேன். அப்போது அது பெரிய தப்பாகத் தெரியவில்லை.

அந்தக் கடலில் அலை என்பது விருந்தாளி மாதிரி. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பும். இரண்டு மூன்று நாள் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓயும். காற்று ஓய்ந்த அன்று மட்டும் அலை நன்றாக வரும், மறுநாள் கடல் சாப்பாட்டுத் தட்டு மாதிரி கிடக்கும். அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் கணவருக்கு அன்றுதான் லீவு. நான் யாரிடமாவது கெஞ்சி டூட்டி மாற்றியிருக்க வேண்டும். இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வருவது ஒரு குளிர்காலத்தில் மூன்று தடவையோ நாலு தடவையோதான்.

முதல் தடவை ஜுமைரா பக்கத்துத் திறந்த கடற்கரைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அங்கே கூட்டம். தண்ணீருக்குள் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் பலகையோடு இருந்தார்கள். மணலில் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் கேமரா வைத்த மொபைல் எல்லார் கைக்கும் வந்த புதிது. நான் சுடிதாரும் அதற்கு மேல் கணவருடைய முழுக்கை டி-ஷர்ட்டுமாகப் பலகையைச் சுமந்து இறங்கியபோது, அந்த மொபைல்கள் எல்லாம் கடலை விட்டு என் பக்கம் திரும்பின. நீச்சலுடையில் இருந்தவர்களை விட்டுவிட்டு, கழுத்து முதல் கணுக்கால் வரை மூடியிருந்த என்னைப் படம் எடுத்தார்கள். என்னிடம் பார்க்க என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அது போதாது என்று கார் நிறுத்தும் இடத்திலிருந்து காவலாளி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "மேடம் கிதர் ஹை?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மேடம் எங்கே என்று இந்தியில் கேட்கிறார். எந்த மேடம்? பிறகுதான் உறைத்தது. இந்த நிறத்தில், இந்தத் துணியில் ஒருத்தி பலகை தூக்கி வந்தால், அவள் யாரோ ஒரு மேடத்தின் வீட்டு வேலைக்காரி. மேடம் காரில் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். வாயைத் திறப்பதற்குள் என் கணவர், பிரச்சினை வேண்டாம் என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டார்.

"ஆயேகா, மேடம் ஆயேகா."

வருவாராம்! காவலாளி திருப்தியாகப் போய்விட்டார். இல்லாத மேடத்துக்காகப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அந்த மணலில் நின்றேன். பிறகு அதைக் கொண்டுபோய்க் கார் மேலே கட்டினேன். வண்டி ஷார்ஜா வந்து சேரும்வரை நான் விடவில்லை.

"அந்த மேடம் எப்பம் வருவாவ? போய்க் கூட்டிட்டு வாங்க, நானும் ஒரு தடவ பாக்கட்டு."

"ஏ பிள்ள, ஒரு வார்த்த சொன்னதுக்கு..."

"உங்க பொண்டாட்டின்னு சொல்ல நாக்கு வரல, இல்லியா?"

அவர் ரேடியோவைப் போட்டார். நான் அணைத்தேன்.

அடுத்தது, பெண்களுக்கு மட்டும் என்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்த ஒரு கடற்கரைப் பூங்கா. என் லீவில் தனியாக, பலகை இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ்ஸில் போனேன். உள்ளே ஆண் வாசனையே இல்லை. அலையும் இல்லை. கடலுக்குள் இரண்டு பக்கமும் கல் போட்டு, நடுவில் கயிறு கட்டி, கடலைக் குளமாக்கி வைத்திருந்தார்கள். பெண்களுக்கு என்றால் அலையை வடிகட்டித்தான் கொடுப்பார்கள் போலிருக்கிறது. முழங்கால் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிறகு கணவர், துறைமுகத்துக்கு வரும் டிரெய்லர் டிரைவர்களிடம் விசாரித்து, ஜெபல் அலியைத் தாண்டி ஒரு இடம் கண்டுபிடித்தார். தார் ரோட்டை விட்டு இறங்கி, வண்டி மணலில் புதையாமல் சமாளித்துப் போனால், ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றுமே இல்லாத கரை. அலை சிறிதுதான், இடுப்பளவு. ஆனால் ஒழுங்காக உடைந்தது. அங்கேதான் நான் பலகையில் படுக்கப் பழகினேன். வயிற்றில் படுத்து நாலு தடவை, முட்டிபோட்டு ஒரு தடவை கரைக்கு வந்தேன். மூக்கு வாயெல்லாம் தண்ணீர். கணவர் கரையில் நின்று, "எந்திரி, எந்திரி" என்று கத்தினார். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. இருந்தாலும் எங்களுக்கென்று ஒரு கடல் கிடைத்துவிட்டதாக இரண்டு பேரும் நம்பினோம்.

அடுத்த குளிர்காலம் போனால், அந்த மண்பாதையில் பெரிய படப்பலகை. படத்தில் நீலக் கடல், வெள்ளை வீடு, சிரிக்கும் குடும்பம். கடலுக்குள் லாரி லாரியாகக் கல்லைக் கொட்டி, மண்ணை உறிஞ்சி நிரப்பி, புதிய நிலம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் குறுக்காக ஆட்டியபடி ஒரு காவலாளி எதிரே வந்தார். "மாஃபி, மாஃபி. கலாஸ்." இல்லை, முடிந்தது. உண்மையிலேயே முடிந்துதான் போயிருந்தது. அலைக்கு முன்னால் கல்லைக் கொட்டிவிட்டால் அலை எங்கிருந்து வரும்? இருக்கிற கடலை அழித்துவிட்டு, கடல் பார்த்த வீடு என்று விற்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் வண்டியைத் திருப்பினார்.

அதற்கப்புறம் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மலையைத் தாண்டி ஃபுஜைராவுக்கு ஓட்டினார். அது வேறு கடல், கிழக்கைப் பார்த்த கடல். போகும்போதே சொன்னேன்.

"காத்து வடமேக்கால அடிக்கு. நீங்க கெழக்க கூட்டிட்டுப் போறிய. அங்க எப்பிடி அல வரும்?"

"அது பெரிய கடலுட்டி. எப்பமும் வரும்."

இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய்ப் பார்த்தால் கடல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நண்டுகூட நனையவில்லை. பத்து வயதில் அப்பாவின் உயிரை என் துண்டை நம்பி விட்டார்கள். இவர் காற்று விஷயத்தில் என்னை நம்பமாட்டார். திரும்பி வரும் வழியில் வாங்கிக் கொடுத்த பரோட்டாவை நான் தொடவில்லை என்று எழுத ஆசைதான். தொட்டேன். பசித்தது.

மூன்றாவது குளிர்காலத்தின் நடுவில் கணவர் ஒரு கடிதத்தோடு வந்தார். மார்ச் பாதியிலிருந்து அவருக்கு யான்புவில் வேலை. சவூதியில், செங்கடல் ஓரத்து எண்ணெய் ஆலை. குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. கார் போகும், ஃபிளாட் போகும், நான் கிளினிக்கின் ஹாஸ்டலில் ஆறு பேர் அறைக்குப் போக வேண்டும். அங்கே கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி வைக்கத்தான் இடம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மார்ச்சுக்குள் நிற்கவில்லை என்றால் இந்த ஜென்மத்தில் நிற்கப்போவதில்லை. முப்பது வயதில் அப்படித்தான் தோன்றியது. கணவருக்கும் அது தெரிந்திருந்தது. இந்தத் தடவை அவரே கேட்டார்.

"காத்து எப்பம் ஓயும்?"

பிப்ரவரியின் கடைசி வாரம் காற்று கிளம்பியிருந்தது; வெள்ளிக்கிழமை ஓயும் என்றேன். உம் அல் குவைனையும் தாண்டி வடக்கே போனோம். ஒரு இடத்தில் ஏதோ பெரிய ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. கடலோரம் நீளமாகத் தகர வேலி. வேலி முடியும் இடத்தில், பாறைக்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. பலகையைச் சாய்த்து நுழைந்தோம். எதிரே வெள்ளை மணல் அரை மைலுக்கு விரிந்து கிடந்தது. நெஞ்சளவு உயரத்தில், சுருண்டு சுருண்டு, வரிசை தப்பாமல் அலைகள் வந்துகொண்டிருந்தன. ஒரு ஆள் இல்லை. மணலில் ஒரு காலடி இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இதத்தான் தேடுனோம்," என்று கணவரின் தோளில் குத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமையிலும் கம்பி வெட்டும் சத்தம் கேட்டது. ஐம்பது அடி தள்ளி நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள், மணலில் ஏன் ஒரு காலடிகூட இல்லை? நோயாளிக்கு ஜுரம் என்றால் எதனால் என்று கேட்கப் படித்தவள் நான். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

இறங்கினேன். நாலு தடவை ஏறினேன், நாலு தடவையும் விழுந்தேன். அலை உடையும் இடத்துக்கு வெளியே போய்ப் பலகையில் படுத்துக்கொண்டு, எதில் ஏறுவது என்று தெரியாமல் கிடந்தேன். கரையில் நின்று பார்த்தால் தெரிகிற அலை, அதற்குள் கிடந்து பார்த்தால் தெரிவதில்லை. கணவர் கத்தியது காதில் விழவில்லை. மதியம் ஆகிவிட்டது. அப்போது அவர் குளித்துத் துடைக்கக் கொண்டுவந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே வீசினார்.

அவர் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கரையில் பிறந்தவன் கை அது, தானாக வீசும். நானும் யோசிக்கவில்லை. துண்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: இப்போது வா. பலகையைக் கரைக்குத் திருப்புவதற்குள் அந்த அலை தாண்டிப் போய்விட்டது; அவர் அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் விடாமல் வீசினார்.

ஆனால் எங்கள் கரையில் பிறக்காதவர்கள் அதைப் பார்த்தால் வேறு மாதிரி. கரையில் ஒருவன் தலைக்கு மேலே துணியை வீசுகிறான், கடலுக்குள் ஒரு பெண். அதற்கு உலகம் முழுக்க ஒரு அர்த்தம்தான். வேலிக்குப் பின்னால், சாப்பாட்டு நேரத்தில், முதல் மாடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தவர்கள் அந்த அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சந்து வழியாக ஒரு மஞ்சள் ஹெல்மெட் வந்தது. பிறகு பத்து. பிறகு நாற்பது ஐம்பது பேர், நீல உடையில், சோற்றுக் கையோடு. சிலர் ஒரே ஓட்டமாக ஓடி வந்தார்கள், தண்ணீரின் விளிம்பில் சட்டென்று நின்றார்கள். நீச்சல் தெரியாது. தெரியாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு என்னை நோக்கி இறங்கினார்கள். கணவர் குறுக்கே ஓடி, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று அலறினார். துண்டு இன்னும் அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்னும் வேகமாக இறங்கினார்கள்.

முன்னால் வந்தவருக்கு நெஞ்சு வரை தண்ணீர். ஒரு அலை அவர் முகத்தில் உடைந்தது. கை விட்டுப்போனது, ஹெல்மெட் மட்டும் மேலே மிதந்தது. எனக்குப் பின்னால் அப்படி ஓர் அலை வந்துகொண்டிருந்தது, துண்டு சொன்ன மாதிரி அலை. மூன்று வருடம் தேடிய அலை. அதில் எழுந்து நிற்க முடியவில்லை. வயிற்றில் படுத்து, இரண்டு கையாலும் துழாவி, அந்த அலையோடு போய், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு காலரைப் பிடித்து இழுத்தேன். அவர் பலகையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரையும் சேர்த்து அலை மணலில் கொண்டுபோய்ப் போட்டது.

குப்புறத் திருப்பி, முதுகில் தட்டி, குடித்த தண்ணீரை வெளியேற்றினேன். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். மூச்சு சீரானதும் திட்டத் தொடங்கினேன்.

"நீச்சல் தெரியாதுல்லா? பின்ன என்னத்துக்கு எறங்குனிய? செத்துப் போயிருப்பிய!"

அவர் இருமிக்கொண்டே சொன்னார்.

"நீங்க முழுகுறீங்கன்னு நெனச்சிட்டோம், தங்கச்சி."

பெரம்பலூர்ப் பக்கமாம். கம்பி கட்டுகிற வேலை. துண்டு எதற்கு என்று கணவர் விளக்கினார். அவர் கேட்டுவிட்டு, "அட, இதுக்கா?" என்று சிரித்தார். பல்லெல்லாம் மணல்.

"கடல்ல இதுக்கு முன்ன எறங்குனதே இல்லியா?" என்று கேட்டேன்.

"ஒம்போது மாசமா இந்த வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டே இருக்கோம். எறங்கக் கூடாது தங்கச்சி. எறங்கினா வார்னிங் லெட்டரு, ரெண்டாவது தபா ஊருக்கு டிக்கெட்டு. ஓட்டல்காரன் எடமாம். இன்னிக்குத்தான் தொட்டோம்."

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது ஐம்பது ஆண்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஈரத் துணியோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குனிந்து முகம் கழுவினார். ஒருவர் உள்ளங்கையை நக்கிப் பார்த்துவிட்டு, "நெசமாலுமே உப்புடா," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

ஆளில்லாத கரை, ஆளில்லாத கரை என்று தேடினேனே, இதுதான் அது. ஆள் இல்லாத கரை இல்லை, ஆளை உள்ளே விடாத கரை. எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேலேயே வந்தது.

கணவர் பலகையைத் தூக்கினார். "வா, போவோம். எல்லாவனும் பாத்தாச்சு."

"பாக்கட்டு," என்றேன். பலகையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பவும் இறங்கினேன்.

வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால், துண்டு பெரம்பலூர்க்காரர் கையில் இருந்தது. கணவர் பக்கத்தில் நின்று கடலைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முதல் தடவை அவர் தப்பான அலைக்கு வீசினார். நான் தலைகுப்புற விழுந்தேன். கரை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை காத்திருந்தார். பெரிது நாலு போனது. பிறகு வீசினார்.

நின்றேன். மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறை மந்திரம் பாதி சொல்லி முடிக்கும் நேரம் இருக்கும், அவ்வளவுதான். குனிந்த முதுகு நிமிரவில்லை, அழகாக எல்லாம் இருந்திருக்காது. ஆனால் நின்றேன். அத்தனை ஆண்கள் பார்க்க, தமிழிலும் தெலுங்கிலும் வங்காளியிலும் அவர்கள் கூச்சல் போட, மணல் வரைக்கும் நின்றே வந்தேன்.

ஒரு விசில் சத்தத்தில் எல்லாம் முடிந்தது. ஃபோர்மேன் சந்து வழியாக வந்தார். "யல்லா! யல்லா!" என்று கத்தி விரட்டினார். எல்லாரையும் வேலியோரம் வரிசையாக நிறுத்தி நம்பர் எழுதத் தொடங்கினார். யார் கடலில் இறங்கினார்கள் என்று அவர் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. நனைந்த பேன்ட்டைப் பார்த்தால் போதும். நான் ஓடிப்போய், அவர்கள் என்னைக் காப்பாற்றத்தான் வந்தார்கள், எழுதாதே என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் இந்தியிலும் சண்டை போட்டேன். துண்டை வீசியது நாங்கள், தப்பு எங்களுடையது என்றேன். அவர் நோட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

"கலாஸ், மேடம். ப்ளீஸ் கோ."

அந்த மூன்று வருடத்தில் கடற்கரையில் ஒருவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட முடியவில்லை. பெரம்பலூர்க்காரர் துண்டைப் பிழிந்து, நாலாக மடித்து, கணவரிடம் நீட்டினார். வைத்துக்கொள்ளுங்கள் என்று கணவர் அவர் கையை மூடினார்.

அந்த வாரம் முழுக்க, நோயாளிக்கு ஊசி போடும்போதுகூட, நனைந்த பேன்ட் வரிசைதான் என் கண்ணுக்குள் நின்றது. கணவர் யான்பு போவதற்கு முன்னால் வந்த கடைசி வெள்ளிக்கிழமை, பலகை இல்லாமல், அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பதற்காகவே மறுபடியும் போனோம். சந்து இல்லை. தகர வேலியைப் பாறை மேலே ஏற்றி, கடலுக்குள் முழங்கால் ஆழம் வரை கொண்டுபோய் முடித்திருந்தார்கள். அந்த முனையில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு புதிய காவலாளி. உள்ளே வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கேட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடற்கரை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, பெருமையாக இந்தியில் சொன்னார்: நல்ல பீச் மேடம், சுத்தமான பீச், ஒரு ஆள் வரமாட்டான்.

காற்று இல்லை, கடல் தட்டையாகக் கிடந்தது. திரும்பலாம் என்றபோது, கணவர் என் கையைத் தொட்டு மேலே காட்டினார். மூன்றாவது மாடியில், கம்பிகளுக்கு நடுவே, மஞ்சள் ஹெல்மெட் ஒன்று நின்றது. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. அவர் தலைக்கு மேலே ஒரு துண்டை வீசிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் கிடந்த ஷாலை உருவி, நானும் தலைக்கு மேலே வீசினேன். கை வலிக்க வலிக்க வீசினேன். காவலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடி வந்தார்.

"க்யா ஹுவா, மேடம்? ஹெல்ப் சாஹியே?"

உதவி வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டும், ஆனால் எனக்கில்லை என்றேன்.